பொன்னி ஆர்: சிங்கப்பூர் அரிசிக் கிடங்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023 ஜூலை 20, வியாழக்கிழமை. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை இனி ஏற்றுமதி செய்யக்கூடாது என்று இந்திய அரசு அறிவித்தது. அந்தச் சனி, ஞாயிறில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று வாங்க வந்தவர்கள் இரண்டு, மூன்று என்று தூக்கிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை காலை, ஜூரோங் பக்கம் கிடங்கு வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரியின் கைப்பேசி ஓயவில்லை. "அக்கா, பொன்னி அம்பது பை போடுங்க." "நமக்கு நூறு வேணும், இன்னைக்கே லாரி அனுப்புங்க." வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் குவிந்தன. அவரும் தம் பங்குக்கு இந்தியாவில் இருக்கும் அரிசி ஆலைக்காரரைக் கூப்பிட்டு, கிடைக்கிற கண்டெய்னரையெல்லாம் பேசி முடித்தார்.

அக்டோபர் வந்தபோது அந்தக் கிடங்கில் ஆள் நடக்கும் வழியிலும் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. உளுந்தும் கடலை மாவும் வைக்க இடமில்லாமல், பண்டிகைச் சரக்கை இறக்க வெளியில் வாடகைக்கு இடம் பிடித்தார்கள். மூன்று மாதம் முன்பு நூறு பை கேட்ட கடைக்காரர் இப்போது பத்துப் பை கேட்டார்.

சிறு நிறுவனங்களுக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் வேலை. அந்த ஆண்டு செப்டம்பரில் அங்கே போனேன். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு இருந்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே கதை இந்த ஊரில் பல கிடங்குகளில் நடந்திருக்கும்.

கிடங்கும் அதன் கணினியும்

அப்பா தொடங்கிய வியாபாரம், இப்போது மகள் நடத்துகிறார். அரிசி, பருப்பு, மசாலா, மாவு எல்லாம் இந்தியாவிலிருந்து இறக்கி, லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளுக்கும், ஈசூன், உட்லண்ட்ஸ், பொங்கோல் பக்கம் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிறு கடைகளுக்கும், உணவகங்களுக்கும் கொடுக்கிறார்கள். கணினி இல்லாத இடம் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்குக்கு ஒரு மென்பொருள், சம்பளத்துக்கு ஒன்று, லாரிகளில் இடங்காட்டி (ஜிபிஎஸ்) எல்லாம் இருந்தன. ஆனால் வியாபாரத்தின் உயிர்நாடியான ஒரு கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

மகள் அந்தத் திங்கட்கிழமை கேட்ட கேள்வி அது: "நம்மகிட்ட பச்சரிசி எவ்வளவு இருக்கு? வந்திருக்கிற ஆர்டர்ல பச்சரிசி எவ்வளவு?"

சாதாரணக் கேள்விதான். வெள்ளை அரிசி என்று இந்தியா தடுத்தது பச்சரிசியை. சுங்கக் குறியீட்டில் 1006 30 90 என்ற வரிசையில் வரும் அரிசிக்குத்தான் தடை. புழுங்கலுக்கு 1006 30 10, அதைத் தடுக்கவில்லை. தமிழ் வீட்டில் பிறந்த யாருக்கும் இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொங்கலுக்கும் மாவிளக்குக்கும் பச்சரிசி, தினம் வடிக்கிற சோற்றுக்கும் இட்லிக்கும் புழுங்கல். அவர்கள் விற்ற பொன்னியில் பெரும்பங்கு புழுங்கல்தான். அதாவது தடை அவர்களை அதிகம் தொடவே இல்லை.

ஆனால் கணினிக்கு அது தெரியாது. பொருள் பட்டியலில் ஆங்கில எழுத்தில் "பொன்னி 5", "பொன்னி நயம்", "பொன்னி ஆர் 5கி", "பொன்னி பழசு" என்று கிடந்தன. இந்த "பொன்னி ஆர்" என்பதில் நான் ஒரு வாரம் செலவழித்தேன். அதைப் பதிந்த ஓர் எழுத்தருக்கு "ஆர்" என்றால் "ரா", பச்சரிசி. அவருக்குப் பின் வேலைக்கு வந்தவருக்கு "ஆர்" என்றால் வெறும் "ரைஸ்". இரண்டு பேரும் இரண்டு விதமாக வரவு வைத்து, இரண்டு விதமாகப் பற்று எழுதியிருந்தார்கள். ஜூலையில் மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல, கிடங்கு மேற்பார்வையாளர் நோட்டும் பேனாவுமாக அடுக்கடுக்காகப் போய், பையைப் பார்த்து எண்ணினார். அதற்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் வாங்க வேண்டாத புழுங்கலுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஒரு பை எப்படி இருபத்தெட்டானது

கிடங்கு நிறைந்ததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. பயமே இல்லாமல், ஒவ்வொருவரும் நிதானமாகக் கணக்குப் போட்டாலும் இதே விபரீதம் நடக்கும். மகளுக்கு நான் வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டிய எளிய கணக்கு இது. எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

ஒரு கடையில் வாரத்துக்கு 20 பை விற்கிறது. கடைக்காரர் இரண்டு வாரச் சரக்கு, 40 பை, கையில் வைத்திருப்பது வழக்கம். செய்தி வந்த வாரம் 40 பையும் போய்விட்டது. இனி வாரம் 40 போகும் என்று அவர் நினைக்கிறார். இரண்டு வாரத்துக்கு 80 வேண்டும், கையில் ஒன்றுமில்லை, ஆகவே 80 கேட்கிறார். வழக்கமாக அவர் கேட்பது 20.

மொத்த வியாபாரி அந்தக் கடைக்காக எட்டு வாரச் சரக்கு, 160 பை, வைத்திருக்கிறார். 80 கொடுத்துவிட்டால் மிச்சம் 80. வாரம் 80 போகிறது என்று அவர் நம்பினால் எட்டு வாரத்துக்கு 640 வேண்டும். கையிலிருப்பதைக் கழித்தால் 560. ஆலைக்குப் போகும் ஆர்டர் 20 பைக்குப் பதில் 560 பை.

வாங்குபவர் இரண்டு மடங்கு வாங்கினார். கடை நான்கு மடங்கு கேட்டது. கிடங்கு இருபத்தெட்டு மடங்கு கேட்டது. யாரும் தப்பாகக் கூட்டவில்லை. அடுத்த வாரம் அந்த வாங்குபவர் வீட்டில் அரிசி இருப்பதால் கடைப்பக்கமே வரமாட்டார். ஆனால் 560 பை அதற்குள் கப்பலேறியிருக்கும். ஓர் இருபதடிக் கண்டெய்னரில் ஏறத்தாழ 25 டன், அதாவது ஐந்து கிலோ பை 5,000 பிடிக்கும். இது போலப் பத்துக் கடை சேர்ந்தால் ஒரு கண்டெய்னர் கூடுதலாகக் கிளம்பிவிடும்.

மகள் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்போ நாங்க யாரைக் குத்தம் சொல்றது?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை, ஏனென்றால் குற்றம் சொல்ல அங்கே ஆளில்லை.

இதைச் சாட்டை விளைவு என்பார்கள். கையில் பிடித்த முனை கொஞ்சம் அசைந்தால் மறுமுனை வெகுதூரம் வீசும். இப்படி ஒரு சிறு மாற்றம் பின்னால் போகப் போகப் பெருகுவதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜே ஃபாரெஸ்டர் 1958இலேயே கணித்துக் காட்டினார். 1997இல் ஹௌ லீயும் அவருடைய இரு சகாக்களும் அதற்கு நான்கு காரணங்களைப் பிரித்து வைத்தார்கள்: வந்த ஆர்டரை வைத்தே அடுத்த தேவையைக் கணிப்பது, சேர்த்துவைத்து மொத்தமாகக் கேட்பது, விலை ஏறி இறங்குவது, தட்டுப்பாடு என்று தெரிந்தால் தேவைக்கு மேல் கேட்டு வைப்பது. நான்கும் ஜூலையில் இந்தக் கிடங்கில் ஒரே வாரத்தில் நடந்தன. நான்காவதுதான் கொடுமையானது. கொடுப்பவர் பாதிதான் கொடுப்பார் என்று தெரிந்த கடைக்காரர் இரண்டு மடங்கு கேட்கிறார். அதையே மூன்று மொத்த வியாபாரிகளிடம் கேட்கிறார். ஒரே வீட்டுச் சோறு மூன்று கிடங்குகளில் மூன்று முறை எண்ணப்படுகிறது.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. பொன்னி, பாஸ்மதி உள்ளிட்ட அரிசி இறக்குமதிக்கு எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் உரிமம் வேண்டும். மாதத்துக்கு இவ்வளவு இறக்குவேன் என்று ஒப்புக்கொண்ட அளவைப் போல் இரு மடங்கை இருப்பில் வைத்திருக்கவும் வேண்டும். உணவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்கு அது தேவையான காப்பு. நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். 2022இல் சிங்கப்பூர் இறக்கிய அரிசியில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் அதன் அருமை புரியும். ஆனால் தவறான கணிப்பில் மாத அளவைக் கூட்டிய இறக்குமதியாளர் சேமிப்பையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். அவர் தவறு இரட்டிப்பாக அவர் தலையில் விழுகிறது.

இதற்கிடையில் ஆகஸ்ட் 25 அன்று புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூருக்குச் சிறப்பு அனுமதியாக 50,000 டன் வெள்ளை அரிசி தர இந்தியா முடிவு செய்தது. ஒரு செய்தி ஆர்டரை ஏற்றியது, அடுத்த செய்தி இறக்கியது. வீடுகளில் சோறு தின்கிறவர்களின் வயிறு மட்டும் மாறவில்லை.

எல்லை வரை மின்னல், அதற்கப்புறம் குரல் பதிவு

சிங்கப்பூர்த் துறைமுகமும் சுங்கமும் தகவல் முறைமைகளில் உலகுக்கே முன்னோடி. துறைமுகத்தையும் கப்பல் நிறுவனங்களையும் இணைக்கும் போர்ட்நெட் 1984இல் வந்தது. 1989 ஜனவரி 1 அன்று தொடங்கிய டிரேட்நெட், பல அலுவலகங்களுக்குத் தாள் தாளாகத் தூக்கிக்கொண்டு அலைந்து நாள் கணக்கில் காத்திருந்த வேலையை ஒரே மின்படிவமாக்கியது. இப்போது பெரும்பாலான அனுமதிகள் 10 நிமிடங்களுக்குள் வந்துவிடுகின்றன. 2019இல் இன்வாய்ஸ்நவ் வந்தது. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் எழுதும் பில் இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் நேராகப் போய் உட்காரும்.

நம் மொத்த வியாபாரியும் இவற்றைப் பயன்படுத்துகிறார். அவருடைய சரக்கு முகவர் கண்டெய்னர் எந்தக் கப்பலில், எந்த நாள் வருகிறது என்பதைச் சொல்லிவிடுவார். ஆக, கடல் தாண்டி வரும் அரிசியின் பயணம் கண்ணாடி போல் தெரிகிறது. கிடங்கிலிருந்து சிராங்கூன் சாலைக்குப் போகிற கடைசிப் பயணம்தான் இருட்டு. பில் கூட அந்த இருட்டைப் போக்காது. கடைக்கு எத்தனை பை போனது என்று பில் சொல்லும். கடையிலிருந்து எத்தனை பை வீட்டுக்குப் போனது என்று சொல்லாது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் சாட்டை சுழல்கிறது.

பெரிய நிறுவனங்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டன. வால்மார்ட் 1991 வாக்கிலிருந்தே தன் கடைகளின் விற்பனைக் கணக்கைச் சரக்குத் தருபவர்களுக்குத் திறந்துவிட்டது. அங்கே ஒரே முதலாளியின் கடைகள்; கட்டளையிட்டால் நடக்கும். இங்கே ஒவ்வொரு கடைக்கும் ஒரு முதலாளி. நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்த இடத்தில்தான்.

பெயர் வைப்பு

புது மென்பொருள் எதையும் முதலில் வாங்க விடவில்லை. பொருள் பட்டியலை அச்சடித்து, மகள், மேற்பார்வையாளர், இரண்டு எழுத்தர்கள், லாரி ஓட்டும் ஓர் அண்ணன் எல்லாரையும் உட்காரவைத்தேன். அரிசிக்கு நான்கு கேள்வி: என்ன ரகம், பச்சையா புழுங்கலா, எத்தனை கிலோ, பழசா புதுசா. நான்குக்கும் பதில் இல்லாத பெயர் பட்டியலில் இருக்கக்கூடாது. பையில் பட்டைக்குறி (பார்கோடு) இருந்தால் அதன் 13 இலக்க எண்ணே பொருளின் எண். பட்டைக்குறி இல்லாத பெரிய மூட்டைகளுக்கு நாங்களே எண் கொடுத்து ஒட்டினோம்.

லாரி ஓட்டும் அண்ணனை அழைத்ததற்குப் பலன் கிடைத்தது. "பொன்னி நயம்" என்று ஒன்று இருக்கிறதே, அதை வாங்கும் கடைகளில் பாதிப் பேர் அதை இட்லிக்கு வாங்குகிறார்கள் என்றார். கணக்குப் புத்தகத்தில் இல்லாத செய்தி அது. இட்லி அரிசி குறைந்தால் அவர்கள் நயத்துக்கு மாறுவார்கள். நயம் திடீரென்று ஏறினால் அது புதுத் தேவை இல்லை, இட்லி அரிசியின் தட்டுப்பாடு. இதைத் தெரிந்துகொள்ள ஒரு மென்பொருளும் உதவியிருக்காது.

"எவ்வளவு வித்தேன்னு ஏன் கேக்குற?"

அடுத்து கடைகளிடம் போக வேண்டியிருந்தது. சில கடைகளில் பட்டைக்குறி படிக்கும் கல்லா இயந்திரம் உண்டு. இரவு கடை மூடும்போது அன்றைய அரிசி விற்பனையைத் தானாக அனுப்பவைக்கலாம். மற்றக் கடைகளில் நோட்டுதான். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: எவ்வளவு வேண்டும் என்று சொல்லாதீர்கள், அலமாரியில் மீதி எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள். கொடுத்தது தெரியும், மீதி தெரியும், விற்றது தானே வந்துவிடும்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னை முறைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு வேணும்னு கேளு தம்பி, சொல்றேன். எவ்வளவு வித்தேன்னு ஏன் கேக்குற?"

"உங்களுக்குச் சரக்கு தட்டாம வரணும்னுதான் ஐயா."

"முப்பது வருஷமா தட்டாமத்தானே வருது. நாளைக்கு இந்தக் கணக்கு எதிர்க்கடைக்குப் போனா நீ பொறுப்பா? என் வியாபாரம் எவ்வளவுன்னு தெரிஞ்சா கிடங்குக்காரங்க கடன் தவணையைக் குறைப்பாங்க. நான் சொல்றது தப்பா?"

தப்பில்லை. அவர் சொன்னது அத்தனையும் நியாயம். விற்பனைக் கணக்கு என்பது ஒரு கடைக்காரரின் பலமும் பலவீனமும் சேர்ந்தது. அதைக் கொடுப்பவர் தம் பேரம் பேசும் கையையே கொடுக்கிறார். தகவலைப் பகிர்ந்தால் எல்லாருக்கும் நல்லது என்று எங்கள் தொழிலில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நல்லது முதலில் வந்து சேர்வது கிடங்குக்கு. ஆபத்து முதலில் வந்து சேர்வது கடைக்கு. இதை ஒத்துக்கொள்ளாமல் எந்த முறைமையும் நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

மகளிடம் திரும்பிப் போய் இதைச் சொன்னேன். ஒரு நாள் யோசித்தார். பிறகு தமிழில் ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம். அரிசி மட்டும். பை எண்ணிக்கை மட்டும், பணக் கணக்கு வேண்டாம். ஒரு கடையின் எண் இன்னொரு கடைக்குத் தெரியாது. கடன் தவணை பேசும்போது இந்தக் கணக்கை எடுக்கமாட்டோம். இதற்குப் பதிலாக, தட்டுப்பாடு வரும்போது ஆர்டரைப் பார்த்துப் பங்கிடமாட்டோம். கடந்த வாரங்களில் உண்மையாக விற்ற அளவைப் பார்த்துப் பங்கிடுவோம்.

கடைசி வரிதான் வேலை செய்தது. கூடுதலாகக் கேட்டு வைப்பதில் இனி லாபமில்லை என்றானதும், சேர்ந்த கடைகளில் அந்தப் பழக்கம் மெல்ல விட்டுப்போனது. பெரியவர் அப்போதும் சேரவில்லை.

வெங்காயத்தில் தோற்றோம்

2023 டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அரிசியில் செய்ததையே அவசரமாக வெங்காயத்தில் செய்து பார்த்தோம், சரிவரவில்லை. வெங்காயத்தில் பட்டைக்குறி கிடையாது. மூட்டையைப் பிரித்துக் கூடையில் கொட்டிவிட்டால் "மீதி எத்தனை" என்பதற்கு ஆளுக்கொரு அளவு. அழுகியது எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று பிரிக்கவும் வழியில்லை. இரண்டு வாரத்தில் நானே நிறுத்தச் சொன்னேன். பையில் கட்டி, எண் போட்டு விற்கிற பொருளுக்குச் செய்த ஏற்பாட்டை அழுகும் பொருளுக்குத் தூக்கிக்கொண்டு போனது என் தவறு.

உணவகங்களும் வரவில்லை. இரவு அடுப்பை அணைத்த பின் சமையல்காரர் போன் செய்து நாளைக்கு வேண்டியதைச் சொல்வார். எண்ணிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. அந்த நேரத்தில் அவரிடம் கேட்பதும் முறையில்லை.

2024 மே வாக்கில் செங்கடலைத் தவிர்த்துச் சுற்றி வந்த கப்பல்களால் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நெரிசல். வரவேண்டிய கண்டெய்னர்கள் தாமதமாயின. எந்த அரிசி எத்தனை நாளில் தீரும் என்று தெரிந்திருந்ததால், எதை முதலில் விடுவித்து எடுப்பது என்று முகவரிடம் தெளிவாகச் சொல்ல முடிந்தது. ஜூலை 2023இல் அவர்களால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

தடை நீங்கிய வாரம்

2024 செப்டம்பர் 28 அன்று இந்தியா வெள்ளை அரிசித் தடையை நீக்கியது. அதையொட்டிப் புழுங்கல் வரியும் 20 சதவீதத்திலிருந்து 10 ஆக இறங்கியது. இப்போது சாட்டை எதிர்ப்பக்கம் வீசியது. விலை இறங்கப் போகிறது என்று கடைக்காரர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். "இருக்கிறதை ஓட்டிக்கிறேன், அடுத்த மாசம் பாக்கலாம்" என்று ஒவ்வொரு கடையிலிருந்தும் பதில். அக்டோபர் முதல் வாரத்தில் அரிசி ஆர்டர் ஏறக்குறைய நின்றே போனது.

கிடங்கில் கவலை. இரண்டு கண்டெய்னர் பேசி வைத்திருந்தது. ஒன்றை ரத்து செய்யலாமா என்று அப்பா கேட்டார். முந்தைய அக்டோபர் அவர் மனதை விட்டுப் போகவில்லை. மகள் திரையைத் திருப்பிக் காட்டினார். ஆர்டர்க் கோடு கீழே விழுந்திருந்தது. அதற்கு மேலே, சேர்ந்த கடைகளின் விற்பனைக் கோடு அசையாமல் போய்க்கொண்டிருந்தது. வீடுகளில் வழக்கம்போல் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். மீதிக் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலான கடைகளில் அரிசி பதினைந்து நாளுக்குள் தீர்ந்துவிடும். தீபாவளி 31ஆம் தேதி.

"ரத்து வேண்டாம்பா," என்றார் மகள். அப்பா வெகுநேரம் அந்த இரண்டு கோடுகளையும் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று எழுந்து போனார்.

மாத நடுவில் குரல் பதிவுகள் மறுபடி குவியத் தொடங்கின. சேர்ந்த கடைகளுக்குக் கேட்கும் முன்பே லாரி போயிருந்தது. சேராத கடைகள் வரிசையில் நின்றன. அவர்களுக்கும் கொடுத்தார்கள், ஆனால் இரண்டு மூன்று நாள் தாமதமாக.

நவம்பரில் ஓர் இரவு மகள் எனக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினார். தேக்காப் பெரியவரின் குரல். வணக்கமில்லை, விளக்கமில்லை. "பொன்னி புழுங்கல் அஞ்சு கிலோ, பழசு, மீதி பதினொண்ணு. பச்சை மீதி நாலு." அவ்வளவுதான்.

ஆலைப் பக்கம் இன்னும் தொடவில்லை. ஆலைக்காரருக்கு எங்கள் கிடங்கின் ஆர்டர் மட்டுமே தெரியும். சிங்கப்பூரில் என்ன விற்கிறது என்று தெரியாது. அந்தக் கணக்கை அவருக்குக் காட்டலாம் என்று சொன்னபோது, மகள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "காட்டினா அவர் விலையை ஏத்தமாட்டாரா?" என்று கேட்டார்.